எவரெஸ்டுக்குப் பெயர் வந்த கதை
பரங்கிமலையில் தொடங்கிய அளவு!

கொருக்குப்பேட்டையில் மின்சார ரெயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறினால் பரங்கிமலை போய்ச் சேரலாம். எவரெஸ்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது!

1802-ம் ஆண்டு. லாம்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலை அருகே இரும்புச் சங்கிலி பிடித்து, ஏழரை மைல் நிலத்தை அளந்தார். அந்த அளவு வேலை இமயமலை வரை நீண்டது. அவருக்குப் பின் அதை நடத்தியவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1843-ல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

30 அடிதான் வித்தியாசம்

அப்போது சிகரத்துக்கு "15" என்ற நம்பர்தான். கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-ல் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய கணக்கு 29,032 அடி!

யார் பெயர்?

அளவைத் துறைத் தலைவர் ஆண்ட்ரூ வாக், எவரெஸ்ட் பெயரைச் சொன்னார். தம் பெயர் இந்தியர் வாயில் நுழையாது என்று எவரெஸ்டே தடுத்தார். கேட்கவில்லை. 1865-ல் லண்டன் பூகோளச் சங்கம் அதையே உறுதி செய்தது.

மலைக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? திபெத்தியர் "சோமோலுங்மா" என்பார்கள். தாய்த் தெய்வம் என்று பொருள். நேபாளத்தில் இன்று "சாகர்மாதா", அதாவது வானத்தின் நெற்றி.

சிக்தார் பெயரும், சங்கிலி இழுத்த கூலியாட்களின் பெயரும் மலை ஏறவில்லை!