குழுவுக்குள் பேச்சு தடித்துவிட்டால்...

மகளிர் சுய உதவிக் குழு என்றால் 12 முதல் 20 பெண்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய ஏற்பாடு இது. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே தெரு, ஒரே குழாயடி. அதனால் அங்கே மூளும் சண்டை கூட்டத்தோடு முடிவதில்லை. குழந்தைகளின் விளையாட்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை போய் நிற்கும்!

எங்கள் தெருவில் அப்படித்தான் ஆயிற்று. பிள்ளையின் காலேஜ் பீஸுக்குக் கடன் வாங்கியவர் மூன்று தவணை கட்டவில்லை. "வாங்கத் தெரியுது, கட்டத் தெரியலையா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார் ஊக்குநர். "உன் நாத்தனாருக்கு மட்டும் கேட்டதும் குடுத்தியே!" என்று பதில் வந்தது. கணக்கு நோட்டு பறந்தது. அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை, சேமிப்பும் வரவில்லை. கூட்டம், சேமிப்பு, தவணை எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத்தான் பாங்கில் கடன் தருவார்கள். ஆறு மாதமாகக் காத்திருந்த கடன் கைநழுவும் நிலை. நான் குழுவில் இல்லாதவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

சண்டை நடந்த சூட்டிலேயே இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அமெரிக்க மனவியல் அறிஞர் ஜான் காட்மன், வாக்குவாதம் செய்த தம்பதிகளை நிறுத்தி, சற்று நேரம் பத்திரிகை புரட்டச் சொன்னாராம். படபடப்பு அடங்கிய பிறகு அவர்களே வேறு மாதிரிப் பேசினார்களாம். (பத்திரிகைக்கு இப்படியும் ஓர் உபயோகம்!)

நான்கு நாள் பொறுத்து வீடு வீடாகப் போனேன். யார் ஆரம்பித்தது என்று கேட்கவில்லை; "அன்னிக்கு எது உங்களுக்கு வலிச்சுது?" என்று மட்டும் கேட்டேன். ஒரு வீட்டில் கேட்டதை மறு வீட்டில் சொல்லவில்லை. கடன் வாங்கியவருக்குப் பணப் பேச்சு பெரிதல்ல. கூட்டத்தில் சம்பந்தியின் தங்கை இருந்ததுதான் பொறுக்கவில்லை. ஊக்குநரோ, "நாலு வருஷமா என் கைக்காசுல பஸ் ஏறி பாங்குக்குப் போறேன், கடைசியில திருடிப் பட்டம்!" என்று அழுதார்.

கணக்கு வேறு, மனவருத்தம் வேறு. முதலில் கணக்கு. ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஒருவர் உட்கார்ந்து பேரேட்டை உரக்கப் படித்தார்கள். நாத்தனாருக்குக் கொடுத்தது முறைப்படி அவருடைய முறையில்தான். ஆனால் தீர்மான நோட்டில் எழுதவில்லை. இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது தெரிந்ததும் குரல்கள் தாமாகத் தணிந்தன.

மன்னிப்புக் கேட்கும்படி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. "தப்பா நெனச்சிருந்தா மன்னிச்சுக்கோ" என்பது மன்னிப்பே அல்ல, இன்னொரு குத்தல். ஊக்குநர் நேராகவே சொன்னார்: "அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." மற்றவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பஸ் காசு இனிமே குழுவுலேருந்து குடுக்கணும்" என்றார். அவ்வளவுதான். தவணையையும் இரண்டு மாதத்தில் சரிக்கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்.

அன்றே தீர்மானம் எழுதினார்கள்: தவணை தவறினால் முதலில் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்பது, நோட்டு எழுதுவதை முறை வைத்துக்கொள்வது.

ஒருவர் மட்டும் திரும்பி வரவில்லை. அவருடைய சேமிப்பை வட்டியோடு கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எல்லா வீட்டுக்கும் வந்தது.