படகுல வாழ்ந்தா வரியே இல்லையா? பிரிட்டிஷ்காரங்க பார்க்க வேண்டிய 3 கணக்கு

வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, ஒரு பாய்மரப் படகை வாங்கி, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின்னு கடல்லயே வாழ்ற பிரிட்டிஷ்காரங்க நிறைய பேர் இருக்காங்க. அதைப் பார்க்கும்போது, "எந்த நாட்டுலயும் நிலையா இல்லையே, அப்போ யாருக்கும் வரி கட்ட வேண்டாமோ?"னு உங்களுக்குத் தோணலாம். உண்மை வேற. அவங்களுக்கு ஒரே நேரத்துல 3 கணக்கு ஓடுது: ஆளுக்கு ஒன்னு, படகுக்கு ஒன்னு, வரிக்கு ஒன்னு. ஒன்னை சரி பண்ணப் போனா இன்னொன்னுல மாட்டிக்க வாய்ப்பு இருக்கு.

1. ஆளுக்கு 90 நாள்

2020 டிசம்பர் 31 வரைக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா ஐரோப்பிய யூனியன்ல சுதந்திரமா வாழலாம். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம், ஷெங்கன் நாடுகள் எல்லாத்துக்கும் சேர்த்து எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். டூரிஸ்ட் விசால போற நமக்கும் இதே கணக்குதான். அவங்களுக்கு விசா வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உதாரணமா, ஏப்ரல் 1 அன்னைக்கு கிரீஸ் வந்தா, ஜூன் 29 அன்னைக்கு 90 நாள் முடிஞ்சிரும். திரும்ப உள்ளே வர செப்டம்பர் 28 ஆகணும். படகு ஓட்ட நல்ல மாசங்களே போச்சு! குரோஷியா பக்கம் ஒதுங்கலாம்னா, அதுவும் 2023 ஜனவரி 1-ல ஷெங்கன்ல சேர்ந்துடுச்சு. 2025 அக்டோபர் 12-ல இருந்து கைரேகை, முகப் படம் எடுக்கிற புது எல்லைப் பதிவு முறையும் படிப்படியா வந்திருக்கு. நாள் கணக்கை கம்ப்யூட்டரே பார்த்துக்கும்.

2. படகுக்கு 18 மாசம்

ஆள் வெளியே போனாலும் படகு அங்கேயே நிக்கலாம். யூனியனுக்கு வெளியே வசிக்கிறவரோட படகுக்கு, வாட் வரி கட்டாம 18 மாசம் தற்காலிக அனுமதி உண்டு. அதுக்குள்ள துருக்கி, மாண்டினீக்ரோ மாதிரி யூனியன்ல இல்லாத நாட்டுக்குப் போய்ட்டு வந்தா, திரும்ப 18 மாசம் ஆரம்பிக்கும்.

3. வரிக்கு 183 நாள்

பிரிட்டனை விட்டு கிளம்பினதும் அந்த ஊர் வரி நின்னுடாது. ஏப்ரல் 6-ல ஆரம்பிக்கிற வரி வருஷத்துல 183 நாள் அங்கே இருந்தா, நீங்க அங்கே வசிப்பவர்தான். குறைவா இருந்தாலும் குடும்பம், தங்க இடம், வேலைன்னு அங்கே என்னென்ன தொடர்பு இருக்குனு பார்ப்பாங்க. "எனக்கு வீடே இல்லை, படகுதான்"னு தப்பிக்கவும் முடியாது. படகும் ஒரு வீடா இருக்கலாம்னு அந்தச் சட்டமே சொல்லுது! வெளிநாட்டுல வசிப்பவர்னு ஆனாலும், பிரிட்டன்ல இருக்கிற வீட்டு வாடகை வருமானம் அந்த ஊர் வரிக்குள்ளதான் வரும்.

எங்கே மாட்டுவாங்க?

90 நாள் பத்தலைனு ஒருத்தர் கிரீஸ்ல குடியிருப்பு அனுமதி வாங்குறார்னு வைங்க. முதல் பிரச்சனை தீர்ந்துச்சு. ஆனா 183 நாளைத் தாண்டி தங்கினா, கிரீஸ் அவரை வரி விஷயத்துல தன் ஊர்க்காரரா எடுத்துக்கும். உலகத்துல எங்கே சம்பாதிச்சாலும் அங்கே கணக்கு காட்டணும். ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை வரி விழாம இருக்க ஒப்பந்தம் இருக்கு. ஆனா கணக்கு காட்டுற வேலை இருக்கத்தான் செய்யும்.

பெரிய அடி படகுக்குத்தான். ஓனர் யூனியனுக்குள்ள வசிப்பவர் ஆனதும் தற்காலிக அனுமதிக்கு இடமில்லை. அந்தப் படகுக்கு யூனியன்ல ஏற்கனவே வாட் கட்டியிருக்கலைன்னா, 60,000 யூரோ படகுக்கு கிரீஸோட 24% கணக்குப்படி 14,400 யூரோ வரும். பிரிட்டன்ல வாட் கட்டிட்டேன்னாலும் போதாது. பிரெக்ஸிட் முடிஞ்ச அந்த டிசம்பர் 31 ராத்திரி படகு எந்தக் கரையில நின்னுச்சுங்கிறது வரைக்கும் பார்ப்பாங்க.

நமக்கு என்ன பாடம்?

நாளைக்கு நீங்க வெளிநாட்டுல உட்கார்ந்து லேப்டாப்ல வேலை பார்க்கலாம், ஆன்சைட் போகலாம். "விசா இருக்கு"ங்கிறது ஒரு கேள்விக்கு மட்டும்தான் பதில். எந்த நாட்டுக்கு வரி, கூட கொண்டு போற பொருளுக்கு என்ன விதி, இதெல்லாம் தனித்தனி கேள்வி. நம்ம வருமான வரிச் சட்டமும் நீங்க எத்தனை நாள் இங்கே இருந்தீங்கன்னுதான் முதல்ல எண்ணும். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே ஒரு எக்ஸெல் ஷீட்ல உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி ரெண்டையும் எழுத ஆரம்பிச்சிடுங்க. அந்த ஷீட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஆடிட்டர்கிட்ட பேசுங்க.