எஞ்சினின் பலத்தை எடை போடுகிறவர்கள்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜில் விமானம் கட்டி, அதைத் தானே ஓட்டிப் பறக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கையால் நடந்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. 1953-ல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இவர்களை ஒன்று சேர்த்தது. ஆண்டுதோறும் கோடையில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரில் அது நடத்தும் விழாவில் சொந்தமாகக் கட்டிய விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

இவர்களுக்குப் பெரிய செலவு எஞ்சின்தான். சான்றிதழ் பெற்ற விமான எஞ்சின் வாங்க முடியாதவர்கள் கார் எஞ்சினை மாற்றியமைத்துக்கொள்கிறார்கள். பழைய வழக்கம் இது. பெர்னார்ட் பீட்டன்பால் 1929-லேயே தன் ஏர் கேம்பர் விமானத்தை ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைக் கொண்டு பறக்கவிட்டார். பிறகு ஃபோக்ஸ்வேகன், ஷெவர்லே கார்வேர், சுபாரு எஞ்சின்களும் விமானம் ஏறின.

காருக்கென்று செய்த எஞ்சின் புரொப்பெல்லருக்கு உண்மையில் எவ்வளவு பலம் கொடுக்கிறது? கார் விளம்பரத்தை நம்ப முடியாது. 1960-களில் அமெரிக்க கம்பெனிகள் ஃபேன், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றிவிட்டுச் சோதித்த குதிரைத்திறனையே அச்சிட்டன. 1972 வாக்கில், எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறியதும், அந்த எண்கள் சட்டென்று இறங்கின. காரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஓடுபாதையின் முடிவில் மரங்கள் நிற்கும்போது, உயிரே அதை நம்பி இருக்கிறது.

குதிரைத்திறனை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. மெக்கானிக்குகள் டார்க் என்று சொல்லும் முறுக்குவிசையையும், சுழலும் வேகத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கித்தான் கணக்கிட வேண்டும். பிரான்ஸின் காஸ்பார் டி ப்ரோனி 1821-ல் இதற்கு ஒரு வழி செய்தார். சுழலும் சக்கரத்தை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தக் கட்டைகள் தாமும் சுற்றாமலிருக்க நீண்ட கையின் முனையில் எவ்வளவு எடை வைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். எஞ்சினின் சக்தி முழுவதும் உராய்வில் சூடாகிவிடும். அதைத் தணிப்பது பெரும்பாடு. விமானம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. காற்றை வெட்டும் புரொப்பெல்லரே அவர்களுக்கு பிரேக்.

எஞ்சினை ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டம் புரொப்பெல்லரின் அச்சை ஒட்டியே இடமும் வலமும் அசையும்படி பேரிங்கில் தொங்கவிடுகிறார்கள். பழைய காரின் முன்சக்கர ஹப் ஒன்று போதும். எஞ்சின் புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றும்போது, அதே அளவு முறுக்கு சட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கை ஒரு தராசின் மேல் அழுந்தி நிற்கும். கையின் நீளம் 1 மீட்டர், தராசு காட்டுவது 14 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 3200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 9.81-ஆல் பெருக்கினால் முறுக்குவிசை சுமார் 137 நியூட்டன் மீட்டர். அதை 3200-ஆல் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் 46 கிலோவாட்; அதாவது ஏறக்குறைய 62 குதிரைத்திறன்.

கணக்கு எளிது, அளவைச் சுத்தமாக எடுப்பதில்தான் பொறுமை தேவை. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3200 சுற்றில் அது விநாடிக்கு நூறு முறைக்கு மேல். தராசின் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சிலர் தராசுக்குப் பதில் எண்ணெய் நிரப்பிய சிலிண்டரை வைத்து, மிகச் சிறிய துளை வழியே அழுத்தமானியோடு இணைக்கிறார்கள்; நடுக்கம் அந்தத் துளையிலேயே அடங்கிவிடுகிறது. பெட்ரோல் குழாயும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் விறைப்பாக இருந்தால் சட்டத்தைப் பிடித்து இழுக்கும். புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று சுழன்றுகொண்டே வந்து சட்டத்தில் மோதி, அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டும். ஆகவே எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பு, கையின் முனையில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, தராசு அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

கியர்பாக்ஸ் உள்ள எஞ்சினில் ஏமாறுவது இன்னும் சுலபம். ரோடாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற விமான எஞ்சின் 5800 சுற்றில் 100 குதிரைத்திறன் தரும். அதன் கியர் விகிதம் 2.43. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சட்டத்தில் இருக்கும்போது தராசு காட்டுவது புரொப்பெல்லரின் முறுக்குவிசை. அதை எஞ்சின் வேகத்தால் பெருக்கினால் 243 குதிரைத்திறன் என்று விடை வரும்! புரொப்பெல்லரின் வேகமான ஏறத்தாழ 2387 சுற்றால் பெருக்குவதே சரி.

தராசு சொல்வது சராசரி மட்டும்தான். ஒவ்வொரு வெடிப்பிலும் முறுக்கு ஏறி இறங்குவதை அது காட்டாது. அந்த ஏற்ற இறக்கம் என்ன செய்யும் என்பதை ரைட் சகோதரர்கள் 1903 நவம்பரில் அனுபவித்தார்கள். கிட்டி ஹாக்கில் அவர்களுடைய எஞ்சின் சரியாக வெடிக்காமல் உதறியதில் குழாய் வடிவ புரொப்பெல்லர் தண்டுகள் சேதமடைந்தன. சொந்த ஊரான டேட்டனுக்கு அனுப்பிச் செப்பனிட்டு வந்த தண்டிலும் விரிசல் கண்டது. ஆர்வில் ஊருக்குத் திரும்பி, உள்ளீடற்ற குழாய்களுக்குப் பதிலாகக் கெட்டியான ஸ்பிரிங் எஃகில் புதிய தண்டுகள் செய்து டிசம்பர் 11-ல் கொண்டுவந்தார். ஆறே நாளில், டிசம்பர் 17-ல், அந்த விமானம் பறந்தது.

இந்த அதிர்வை இன்று ஸ்ட்ரெயின் கேஜ் பிடித்துக் காட்டுகிறது. 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவர் தனித்தனியே உருவாக்கிய கருவி இது. தண்டில் ஒட்டினால், தண்டு இம்மி முறுகினாலும் அந்தக் கருவியின் மின்தடை மாறும். சுழலும் தண்டிலிருந்து அந்த அளவை ரேடியோ வழியாக வெளியே எடுக்கலாம். கார் எஞ்சினோடு புதிதாக ஒரு கியர்பாக்ஸை இணைக்கிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஒருமுறை ஒழுங்காக அளந்துவிட்டால், பிறகு தினமும் தராசு வேண்டாம். இறக்கைக் கோணம் மாறாத புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். தரையில் நிறுத்தி முழு வேகம் கொடுக்கும்போது வழக்கமாக 2300 சுற்று வரும் விமானம், அதே மாதிரியான காற்றில் ஒருநாள் 2200-ஐத் தாண்டவில்லை என்றால், எஞ்சின் எட்டில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கிறது. அன்று அந்த விமானத்தைக் கிளப்பக் கூடாது.

சான்றிதழ் இல்லாத எஞ்சினோடு கட்டிய விமானத்தை அமெரிக்காவில் வழக்கமாக 40 மணி நேரம் சோதனையாகப் பறக்கவிடுகிறார்கள். பயணிகளை ஏற்றுவது அதற்குப் பிறகுதான். எஞ்சினின் முறுக்குவிசையைத் தரையிலேயே அளந்து எழுதி வைத்த பிறகுதான் அந்த 40 மணி நேரத்தில் முதல் நிமிடம் தொடங்க வேண்டும்.