அழகான வழிகாட்டி, அத்தையின் கேள்வி

சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. பளிச்சென்று ஒரே நிறத்தில் அட்டை. உள்ளே முழுப் பக்கப் படங்கள், அளவான எழுத்து. கட்டடத்தை வடிவமைத்தவர் பெயர் இருக்கும், அங்கே போகும் பேருந்தின் எண் இருக்காது. புத்தகக் கடைகளில் பயணப் பிரிவுக்குப் போனால் தடித்த வழிகாட்டி நூல்களுக்குப் பக்கத்தில் இந்த ஒல்லிப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். 1998ல் தொடங்கிய லூயி வுய்ட்டான் நகர வழிகாட்டிகளும், 'வால்பேப்பர்' சஞ்சிகையின் பெயரில் ஃபைடன் பதிப்பகம் 2006ல் தொடங்கிய வரிசையும் இந்த ரகத்தில் பெயர் பெற்றவை. அவற்றின் பாணியில் இன்று பல வந்துவிட்டன.

கைப்பேசியில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது இதற்குக் காசு கொடுக்கலாமா? முக்கியமாக, குடும்பத்தோடு பயணம் போகிறவர்களுக்கு இது உதவுமா?

இதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. கோயம்புத்தூரிலிருந்து என் அத்தை மகன், அவர் மனைவி, அத்தை மூவரும் நான்கு நாள் பயணமாகச் சிங்கப்பூர் வந்தார்கள். அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி, முதல் வெளிநாட்டுப் பயணம். சேர்த்து வைத்த பணத்தில் வந்தவர்கள். மறுபடி எப்போது வருவார்களோ தெரியாது. மச்சான் கையில் இப்படி ஒரு வழிகாட்டி இருந்தது. பெயர் வேண்டாம், இந்த ரகப் புத்தகங்களுக்குப் பொதுவான குணங்களே அதிலும் இருந்தன. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன்.

நம் ஊரையே புதிதாகப் பார்க்கலாம்

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் கூட்டிக்கொண்டு போகும் பட்டியல் ஒன்று உண்டு. மெர்லயன், செந்தோசா, முஸ்தபா. மச்சானின் புத்தகம் அந்தப் பக்கமே போகவில்லை. அது எங்களைத் தியோங் பாருவுக்கு அனுப்பியது.

அங்குள்ள பழைய அடுக்குமாடிகள் வீவக பிறப்பதற்கு முன்பு, 1930களில் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் கட்டியவை. மூலைகள் கப்பலின் முகப்பைப் போல வளைந்திருக்கும். 2003ல் அவற்றில் 20 புளோக்குகள் பாதுகாக்கப்பட வேண்டியவை என அறிவிக்கப்பட்டன. அந்த வளைவுகளைப் புத்தகம் ஒரே படத்தில் காட்டிவிடுகிறது. படத்தைப் பார்த்த பிறகு தெருவில் நடந்தால் கண் தானாகவே மேலே போகிறது.

கன்டோன்மன்ட் சாலையில் உள்ள பினக்கல் அட் டக்ஸ்டனையும் புத்தகம் சொல்லியே போனோம். 2009ல் கட்டி முடித்த வீவக குடியிருப்பு அது. ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் 50 மாடி. உச்சியில் எல்லாவற்றையும் இணைக்கும் பாலம். சிறிய கட்டணத்தில் பொதுமக்களும் மேலே போகலாம். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. "இது கெவருமென்ட் கட்டிக் கொடுத்த வீடா?" என்று அத்தை மூன்று முறை கேட்டார். சிங்கப்பூரைப் பற்றி அவருக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட அந்த மொட்டைமாடி அதிகம் சொல்லிவிட்டது.

புத்தகத்தின் பலம் இதுதான். ஆயிரம் இடங்களைப் பார்த்து, நாற்பது ஐம்பதை மட்டும் பொறுக்கித் தருகிறது. கைப்பேசியில் 'சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தேடினால் வருகிற பட்டியலுக்கு முடிவே இல்லை. யாரோ ஒருவர் ரசனையோடு தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் முடிவெடுக்கும் சுமை பாதி குறைகிறது.

உட்கார இடம் எங்கே?

இரண்டாம் நாள் மதியம் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தப் புஸ்தகத்துல உட்கார்ற எடம் ஏதாச்சும் போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. கழிப்பறை எங்கே, மின்தூக்கி எங்கே, மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. அந்தப் புத்தகத்தின் மனத்தில் இருக்கும் பயணிக்கு வயது முப்பது. தனியாகவோ துணையோடோ வருவார். கால் வலிக்காது, கையில் குழந்தை இருக்காது, ஒரு காப்பிக்கு எட்டு வெள்ளி கொடுக்க யோசிக்க மாட்டார்.

அட்டவணையிலும் ஓட்டை இருந்தது. மச்சான் புத்தகத்தைப் பார்த்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை மதியத்துக்கு வைத்திருந்தார். 1827ல் தோன்றிய, சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில். ஆனால் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பது நமக்குத் தெரியும், கோபுரத்தைக் கட்டடமாக மட்டும் பார்க்கிற புத்தகத்துக்குத் தெரியவில்லை. காலைக்கு மாற்றிவிட்டேன்.

அலெக்சாண்டிரா பக்கமுள்ள இன்டர்லேஸ் இன்னோர் உதாரணம். ஆறு மாடிப் புளோக்குகள் 31ஐக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய குடியிருப்பு, 2015ல் உலகின் சிறந்த கட்டடமாகத் தேர்வு பெற்றது. படத்தில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அது தனியார் கொண்டோமினியம். பயணி சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பதிப்பாண்டும் முக்கியம். மச்சானின் புத்தகம் சில ஆண்டுகள் பழையது. பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் காம்பிளெக்சுக்குப் போய்த் தாய்லாந்து உணவு சாப்பிடச் சொன்னது. 1973ல் கட்டிய அந்தக் கட்டடம் 2021ல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2023ல் கடைகள் எல்லாம் காலி செய்துவிட்டன. உள்ளூரில் ஆள் இல்லாத ஒரு குடும்பம் அங்கே அரை நாளைத் தொலைத்திருக்கும்.

தேக்காவுக்கு ஒரு பக்கம்

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லிட்டில் இந்தியா பக்கம். ஒரே ஒரு பக்கம். கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டின் படம், வானவில் நிறங்களோடு. அந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை அது, அழகானதுதான். ஆனால் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாரம் முழுவதும் உழைத்த ஊழியர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பரைப் பார்க்கவும், மளிகை வாங்கவும் வந்து நிறைந்திருப்பார்கள். அத்தையைத் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உணவு வாங்கப் போனோம். திரும்பி வந்தபோது பக்கத்து மேசையில் இருந்த புதுக்கோட்டைத் தம்பியிடம் அங்கே மழை பெய்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் இங்கே வந்து ஐந்து வருடம், ஊருக்குப் போனது ஒரே முறை. அதைக் கேட்ட பிறகு அத்தை தன் தட்டிலிருந்த வடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

இந்த நகரத்தைக் கட்டிய கைகளைப் பற்றி, கட்டடங்களைப் பற்றியே பேசும் ஒரு புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வெளியூர்க்காரர் அதை மட்டும் நம்பி வந்தால் நம் சிங்கப்பூரில் பாதியைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

வாங்கலாமா?

வழிகாட்டி நூல்களுக்குள்ளேயே இரண்டு குடும்பம் உண்டு. டோனி, மாரீன் வீலர் தம்பதி தென்கிழக்காசியாவுக்கான லோன்லி பிளானட் வழிகாட்டியை எழுதியது இதே சிங்கப்பூரில், ஒரு சிறிய ஹோட்டல் அறையில் தங்கித்தான். 1975ல் வந்த அந்த நூல், குறைந்த காசில் எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சொன்னது. அழகான நகர வழிகாட்டி சொல்வது எதைப் பார்ப்பது, எப்படி ரசிப்பது என்று. ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த விடுமுறைக்குத் தோக்கியோவோ லிஸ்பனோ போகத் திட்டமிடுகிறவர்களுக்கு என் யோசனை இது. பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புறப்படும் முன்பு வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். நாளுக்கு இரண்டு இடம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், உள்ளே விடுவார்களா என்பதைக் கைப்பேசியில் சரிபாருங்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு சந்தையோ பூங்காவோ சாப்பாட்டுக் கடையோ இருக்கும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் அந்த நடு இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உறவினர் இங்கே வருவதாக இருந்தால் அவர்கள் கொண்டுவரும் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்: இங்கே நிழல் உண்டு, இந்தக் கோயில் மதியம் சாத்தியிருக்கும், இந்த உணவங்காடியில் மாலையில் உட்கார இடம் கிடைக்காது. எந்தப் பதிப்பகத்தாலும் அதை அச்சிட்டுத் தர முடியாது.