காவடி சுமப்பவர் ஒருவர். கட்டுவோர் ஒரு குடும்பத்தார்

தைத் திங்களில் பூச நட்சத்திரம் கூடும் நன்னாளில், சிராங்கூன் சாலை அருள்மிகு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு அருள்மிகு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் அணியணியாகச் செல்லும் காட்சியைக் கண்டு மெய்சிலிர்க்காத அன்பர்கள் இலர். 1855இல் தோன்றிய பெருமாள் கோயிலையும், 1859இல் நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய முருகன் கோயிலையும் இணைக்கும் அப்பாதை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுடையது. அத்தொலைவு முழுவதும் காவடியைச் சுமந்து நடப்பவர் ஒருவரே. எனினும், அக்காவடியின் ஒவ்வொரு மயிற்பீலியிலும் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு குடும்பத்தாரின் கைகள் பட்டிருக்கின்றன. அந்தக் கைகளின் உழைப்பே இக்கட்டுரையின் பொருள்.

இடும்பனும் இடும்பியும்

காவுதல் என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்குத் தோளில் சுமத்தல் என்பது பொருள். அகத்திய முனிவரின் ஆணையை ஏற்றுச் சிவகிரி, சக்திகிரி ஆகிய இரு குன்றுகளையும் சுமந்து வந்த இடும்பனே முதற் காவடி எடுத்தவன் என்பது பழநித் தலவரலாறு. பிரமதண்டம் அவனுக்குத் தண்டாயிற்று, நாகங்கள் கயிறாயின. பழநியில் குன்றுகளை இறக்கி வைத்தவன் மீண்டும் தூக்க இயலாமல் திகைத்தான். குன்றின் மீது நின்ற பாலகனோடு பொருது வீழ்ந்தான். உடன் வந்த மனைவி இடும்பி கண்ணீர் விட்டு வேண்ட, முருகப் பெருமான் அவனுக்கு உயிர் அளித்துத் தம் சந்நிதிக்குக் காவலனாகவும் ஆக்கினார். ஆதியிலேயே காவடி தனி ஒருவரின் காரியமாக இருக்கவில்லை. துணை நின்ற குடும்பத்தின் வேண்டுதலும் அதில் கலந்திருந்தது என்பதை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.

வீட்டுக் கூடமே பட்டறை

சிங்கப்பூரில் தைப்பூசம் 1968ஆம் ஆண்டு பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஆகவே வேலைக்குச் செல்வோர் காவடி கட்டும் பணிக்கு இரவுகளையும் ஞாயிற்றுக் கிழமைகளையுமே நம்பியிருக்கின்றனர். மார்கழி பிறந்ததும் அடுக்குமாடி வீட்டின் பரண் மீதுள்ள பெட்டி கீழே இறங்கும். சோபா சுவரோரம் நகரும். கூடத்தில் பாய் விரியும். அன்று முதல் அந்தக் கூடமே பட்டறை.

எளிய பால் காவடியில் தோளில் தாங்கும் மரத்தண்டு ஒன்று உண்டு. அதன் மேல் வில்போல் வளைந்த வளைவும், இருபுறமும் பலகைகளும் அமையும். வளைவின் மீது பட்டுத்துணி போர்த்தி, இரு முனைகளிலும் மயிற்பீலிக் கற்றைகளைக் கட்டி, பால் செம்புகளைப் பிணைப்பர். மயில் ஆண்டுதோறும் தானே உதிர்க்கும் பீலி இது. பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டுகளுடன் துணியில் சுற்றி வைப்பது பெரியோர் கண்ட முறை. பால் செம்பைப் புளியிட்டுத் துலக்கி, பால் நிரப்பிய பின் வாயை வாழை இலையாலோ மஞ்சள் துணியாலோ மூடி இறுகக் கட்டுவர். நெடுவழி நடந்தும் பால் தளும்பிச் சிந்தாமல் சந்நிதி சேர்வது அந்தக் கட்டின் உறுதியால்தான்.

அலகுக் காவடியின் அமைப்பு வேறு. இடுப்புப் பட்டையின் மீதும் தோள்களின் மீதும் நிற்கும் உலோகச் சட்டம் அதற்கு அடிப்படை. எடையைக் குறைக்க அலுமினியத்தைப் பயன்படுத்துவோர் பலர். சட்டம் முழுவதும் மரையாணிகளால் கழற்றி மாட்டும் வகையில் அமைய வேண்டும். இல்லையேல் மின்தூக்கியில் ஏற்றவோ லாரியில் கொண்டு செல்லவோ இயலாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் முழுவதையும் ஒருமுறை கோத்து, சுமப்பவர் தோளில் ஏற்றி நிறுத்திப் பார்ப்பர். ஒரு பக்கம் ஒரு கைப்பிடி எடை கூடினாலும், சிறிது தூரம் நடப்பதற்குள் அந்தப் பக்கத்துத் தோள் அதனை உணர்த்திவிடும். அப்போது அண்ணன் ஒரு மரையாணியை இறுக்குவார். தங்கை மறுபக்கம் ஒரு சரத்தைக் குறைப்பாள். இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. மாமாவின் அருகில் நின்று திருகுவிசை எடுத்துக் கொடுத்த சிறுவனே அதனைக் கற்கிறான்.

பலகைகளில் ஒட்டும் ஓம், வேல், மயில் வடிவங்களை லேசான நுரை அட்டையில் வரைந்து வெட்டுவதும், பாசிமணி கோப்பதும் சிறுவர் பங்கு. கோணலாக வெட்டிய மயிலையும் ஒட்டத்தான் செய்வர். அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போது, "இது உன் முதல் மயில்" என்று பாட்டி எடுத்துக் காட்டுவார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பெட்டி, அணிகலன்களை வைக்கும் இடம் என்பதோடு குடும்பத்தின் நினைவேடாகவும் ஆகிவிடுகிறது.

தேக்காவின் பூவாசம்

பூசத்திற்கு முந்திய நாள்களில் லிட்டில் இந்தியாவே ஒரு பெரும் காவடிக் கூடமாகி விடும். பித்தளைச் செம்பு, மஞ்சள் துணி, சரிகை, சலங்கை யாவும் சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைக்கும். கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் மாலை கட்டுவோரின் விரல்கள் ஓய்வறியா. மல்லிகை ஒரே நாளில் வாடும். ஆகவே அதனைக் கடைசி இரவில்தான் தொடுக்க வேண்டும். ஆர்க்கிட் மலர் சில நாள்கள் தாங்கும். முன்னதாகவே கோத்து வைக்கலாம். தமிழகத்தில் வாழைநாரில் தொடுத்த கைகள் இங்கு நூலுக்குப் பழகின. மல்லிகையோடு இத்தீவின் ஆர்க்கிட்டையும் சேர்த்துக் கொண்டன. பொருள் மாறினும், இரண்டு பூவை இப்புறமும் இரண்டு பூவை அப்புறமும் வைத்துச் சுருக்கிடும் அந்த விரல் வித்தை மாறவில்லை.

அறுந்த சரம்

இத்தகைய கைத்திறன் எவ்வளவு எளிதில் அறுந்து போகக் கூடியது என்பதை அண்மைக் காலம் உணர்த்திற்று. கொவிட் பெருந்தொற்றினால் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் காவடிகளும் பாதயாத்திரையும் நடைபெறவில்லை. கோயிலிலேயே ஆயத்தம் செய்த பால்குடங்களை மட்டும், முன்பதிவு செய்த பக்தர்கள் செலுத்தினர். நிலைமை அறிந்து அனைவரும் அதற்குப் பணிந்தனர். முருகன் அருளுக்கும் குறைவில்லை. ஆயினும் வீடுகளில் பெட்டிகள் பரணிலேயே இருந்தன.

8.2.2020 தைப்பூசத்திற்குப் பின் காவடிகள் மீண்டும் தெருவில் இறங்கியது 5.2.2023 அன்றுதான். முதல் ஊர்வலத்தின்போது பன்னிரண்டு வயதாயிருந்த சிறுவனுக்கு அடுத்த ஊர்வலத்தின்போது பதினைந்து வயது. கற்க வேண்டிய பருவத்தில் அவன் கைக்கு நூலோ மரையாணியோ வரவில்லை. அந்த இடைவெளியில் கற்றுக் கொடுக்க வேண்டிய முதியவர் மறைந்துவிட்டால், அவர் விரல்கள் அறிந்திருந்தவை அவரோடு சென்றிருக்கும். கோயிலின் சிற்பத்தைக் கல் காத்துக் கொள்ளும். காவடியின் முடிச்சைக் காக்க மனிதக் கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாடகைக் காவடி குறையாகுமா?

ஆயத்தக் காவடியை வாடகைக்கு எடுப்போரும் இன்று உள்ளனர். சிறிய வீடு, நீண்ட வேலை நேரம், உதவிக்கு ஆளில்லாமை ஆகிய காரணங்களை அறிந்தோர் அவர்களைக் குறை கூறமாட்டார். பக்தியை அளக்கும் கோல் காவடியின் அழகன்று. ஒரு செம்புப் பாலும் முருகனுக்கு உவப்பே. எனினும், வாடகைக் காவடி எடுப்போரும் மாலை ஒன்றையேனும், செம்பு மூடும் கட்டினையேனும் தம் வீட்டார் கையால் செய்து சேர்க்கலாம். ஒரு மண்டலம் மரக்கறி உண்டு விரதம் காப்பவர் ஒருவராயினும், கூடத்தில் அமர்ந்து நூல் கோக்கும் ஒவ்வொருவரும் அவ்விரதத்தில் பங்கு பெறுகின்றனர்.

இடும்பன் பூசைக்குப் பின்

பூசத்தின் மூன்றாம் நாள் இடும்பன் பூசையுடன் விரதம் நிறைவுறும். காவடியைக் கழற்றி எடுத்து வைக்கும் அந்நாளே அடுத்த ஆண்டுக்கான முதல் நாளாகும். ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, இணையும் இடங்களில் ஒரே எண்ணை எழுதி வைத்தால் மறுமுறை கோப்பது எளிது. எந்த ஆண்டு, எந்த வேண்டுதலுக்காக, யார் எடுத்த காவடி என்பதை ஒரு சிறு ஏட்டில் குறித்துப் பெட்டியில் இடலாம். வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைத் தனியே ஒப்படைத்து, அதனை அவர்களே முடிக்கும் வரை பொறுத்திருக்கலாம். ஆலயப் புரவலர்கள் திருவிழாவிற்கு முன் ஓரிரு மாலைப் பொழுதுகளில் ஆலய மண்டபத்தில் பாயும் நூலும் பூவும் தந்து, முதியோரையும் இளையோரையும் அருகருகே அமர்த்தினால் அதுவும் திருப்பணியே ஆகும்.

வேல் தாங்கும் பெருமான் திருவருளால் இல்லந்தோறும் காவடி கட்டும் கைகள் பெருகுவனவாக.