எண்பதுக்கு எதிரே முப்பத்தொன்பது

மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கா, உத்தரப் பிரதேசத்துக்கா? மாநிலங்களின் பொருளாதாரக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் இந்தச் சண்டை மூள்கிறது. ஒரு லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்பதுதான் இரண்டு மாநிலங்களும் அறிவித்திருக்கும் இலக்கு. அவர்கள் ஆக்ரா - லக்னோ விரைவுச்சாலையையும் நொய்டாவின் கைபேசி ஆலைகளையும் காட்டுகிறார்கள். நாம் ஓசூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் காட்டுகிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பார்த்தால் இந்தப் போட்டி வேறு மாதிரி தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தோடு இந்த ஊர்களுக்கு அன்றாடக் கொடுக்கல் வாங்கல் உண்டு.

நாமக்கல் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஜான்சி, ஆக்ரா, மதுரா வழியாக ஸ்ரீநகர் வரை நீள்கிறது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. சேலம், ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசிக்குப் பெரிய சந்தையே வடக்குதான். நமக்கு அது பாயசம், வடாம். அவர்களுக்கோ நவராத்திரி விரதத்தில் சாப்பிடும் கிச்சடி. அங்கே விரதக் காலத்தில் சரக்கு ஓடினால்தான் இங்கே கிழங்கு போட்டவருக்கு விலை நிற்கும். வெள்ளிக் கொலுசில் மட்டும் நேருக்கு நேர் போட்டி. சிவதாபுரம், பனங்காடு பட்டறைகளில் செய்யும் கொலுசு, வடநாட்டுக் கடைகளில் ஆக்ரா, மதுரா கொலுசின் பக்கத்தில்தான் உட்காருகிறது. தொழில் என்று வந்தால் சேலத்துக்காரர் இந்தப் போட்டிக்குப் பயந்தவர் இல்லை.

மொத்த உற்பத்தியை விட்டுவிட்டுத் தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பேச்சே வேண்டாம். தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் உத்தரப் பிரதேசத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 2020-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது முடியுமுன் இறந்தவை இங்கே 13, அங்கே 38. பிரசவத்தில் தாய் இறப்பது, 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புக்கு இங்கே 54, அங்கே 167. 2010 முதல் இங்கே சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. அந்த முட்டையில் பெரும்பகுதி நாமக்கல்லுடையது என்பதில் இந்த மாவட்டத்துக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும்.

பொருளாதாரத்தில் அவர்கள் நம்மை எட்டிப் பிடித்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர்கள் கையில் காசு புரண்டால் நம் ஜவ்வரிசியும் லாரியும்தான் கூடுதலாக ஓடும். உண்மையான போட்டி டெல்லியில், மக்களவை நாற்காலிகளில் நடக்கிறது. அங்கே அவர்களுக்கு 80, நமக்கு 39.

அந்த 39-கூட ஒரு காலத்தில் 41. 1961 கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தபோது, 1967 தேர்தலில் சென்னை மாநிலம் இரண்டு இடங்களை இழந்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை நினைவூட்டி, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு இழப்பீடு தரக் கூடாதா என்று கேட்டது. 1976-இல் 42-ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கோடு நிறுத்திவைத்தது. பிறகு 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் மாநிலங்கள் தயங்காமல் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீட்டிப்பு என்று 2000-இன் தேசிய மக்கள்தொகைக் கொள்கையே சொன்னது. நாம் நம்பி இறங்கினோம்.

1971-இல் தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர். உத்தரகண்ட் பிரியாத உத்தரப் பிரதேசத்தில் 8.83 கோடி. 2011-இல் நாம் 7.21 கோடி; உத்தரகண்டையும் சேர்த்தால் அவர்கள் 21 கோடி. இரண்டு மடங்காக இருந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. பணமும் இதே திசையில்தான் போகிறது. ஒன்றிய வரியில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் 9-ஆவது நிதிக்குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 7.931 விழுக்காடு. 15-ஆவது நிதிக்குழுவில் அது 4.079. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. ஏழை மாநிலத்துக்குக் கூடக் கொடுப்பதும், எல்லாருடைய வாக்குக்கும் ஒரே எடை வேண்டும் என்பதும் நியாயம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சொன்னபடி நடந்தவனுக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை டெல்லி சொல்வதை எந்த மாநிலம் கேட்கும்?

தொகுதிக் கோடு அழிந்தால் எப்படியிருக்கும் என்று இந்தப் பகுதிக்குத் தெரியும். திருச்செங்கோடு, ராசிபுரம் இரண்டும் மக்களவைத் தொகுதிகளாக இருந்தவை. 2009 தேர்தலில் இரண்டு பெயர்களும் இல்லை. நாமக்கல் என்ற தொகுதி வந்தது. அப்போது மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையில் கை வைக்கவில்லை என்பதால் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் சொன்னதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. "எங்க அப்பாரு கூடப் பொறந்தவிய ஆறு பேருங்க. நாங்க ரெண்டு பேரு. எனக்கு ஒரே பையன், அவனும் கனடாவுல. அப்புறம் சீட்டு மட்டும் எப்படிங்க கூடும்?"

சேலம், நாமக்கல் கிராமங்களில் வீடு வீடாக இதே கதை. ஒரு பிள்ளை, அதையும் தனியார் பள்ளிப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. ஊர்த் தொடக்கப் பள்ளியில் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகள். காடு பிரிந்துவிடக் கூடாது, படிப்புச் செலவு தாங்காது என்று ஒன்றோடு நிறுத்தியவர்கள் இவர்கள். இந்தக் குறைவு முழுக்க நல்ல வழியில் வந்ததும் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது சேலத்தில். 2001 கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. அன்று பிறக்காமலும் பிழைக்காமலும் போன பெண்கள் இன்று இருந்திருந்தால் தாயாகியிருப்பார்கள். இப்போது முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையாமல், கேரளா வரைக்கும் போய்த் தேடும் மாப்பிள்ளைகள் இந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று எந்தத் தரகரைக் கேட்டாலும் சொல்வார்.

அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று இப்போது மேடைகளில் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவுக்குக் காட்டை அடகு வைத்த குடும்பத்திடம் இதைச் சொல்வது வீண். பெண்களின் உடம்பை வைத்து டெல்லியோடு பேரம் பேசவும் கூடாது. உத்தரப் பிரதேசத்திலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2.4 ஆக இறங்கிவிட்டது என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. நமக்கு 1.8. இந்தப் பந்தயத்தைப் பிரசவ அறையில் ஜெயிக்க முடியாது.

ஆனால் நாமக்கல்லில் குழந்தைகள் இல்லாமல் இல்லை. பண்ணைகளுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகளில் இருக்கிறார்கள். முட்டை பொறுக்க, தீவனம் போட, எரு அள்ள ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் என்று பல ஊர்களிலிருந்தும் புருஷன் பெண்டாட்டியாக வந்து தங்கியிருக்கிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிறவர்கள் சத்தீஸ்கர் பையன்கள். லாரிக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்ற புலம்பல் இல்லாத லாரிப் பட்டறை கிடையாது. அந்த இடத்துக்கும் வடக்கிலிருந்து ஆள் வரத் தொடங்கிவிட்டது. தனிநபர் வருமானத்தில் நாம் காட்டும் முன்னிலையில் ஒரு பகுதி, நம்மோடு போட்டி போடுகிற மாநிலங்களின் இளைஞர்கள் இங்கே உழைத்துக் கொடுத்தது.

2026-க்குப் பின் எடுக்கும் அந்த முதல் கணக்கெடுப்பில் தலைகளை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில். பிறந்த ஊரை வைத்து அல்ல, வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். மூன்று வருடமாக மோகனூர்ப் பண்ணையில் இருக்கும் குடும்பம் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது வராமல் போய்விடும் என்பதுதான் என் பயம். பண்ணை ஊருக்கு வெளியே இருக்கிறது. கேட்டில் பூட்டு. உள்ளே எத்தனை பேர் என்று சொன்னால் பி.எஃப்., தொழிலாளர் துறை என்று ஏதாவது வந்து நிற்குமோ என்று முதலாளி தயங்குவார். அந்தக் குடும்பமோ, கேட்டால் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லும். இப்படி ஒரு ஷெட்டில் நாலு பேர் விட்டுப்போனால், சேலம், நாமக்கல் முழுக்க எத்தனை பேர் விட்டுப்போவார்கள்?

இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. கணக்கெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர் ஆசிரியர்கள்தான். அவர்கள் பண்ணைகளின் பின்பக்கம் வரைக்கும் போக வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் ஓரிரு வார்த்தை பேசத் தெரிந்த ஆளை ஊராட்சி கூட அனுப்பலாம். இந்தக் கணக்கு வரிக்கோ வழக்குக்கோ போகாது என்று பண்ணை உரிமையாளர்களுக்கு அவர்களுடைய சங்கமே எடுத்துச் சொல்லட்டும். கணக்கெடுப்பில் சொல்லும் விவரம் வெளியே போகாது என்று 1948-ஆம் வருடச் சட்டமே உறுதி தருகிறது. அந்தப் பிள்ளைகளை இந்த ஜூனிலேயே ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிள்ளை இங்கே தமிழ் படித்தால் அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் ரயில் ஏற மாட்டார்கள். காலியாகிக்கொண்டிருக்கிற பள்ளிக்கும் ஒரு வகுப்பு மிஞ்சும்.