ஆடிய பெண்களின் பேர் கல்லில்!

சகோதரிகளே, தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டதும் கிளம்பிடாதீங்க. வளாகத்துக்குள்ளேயே தொல்லியல் துறையின் காட்சிக்கூடம் இருக்கிறது. கருவறையைச் சுற்றிய பாதையில் சோழர் கால ஓவியங்கள் உண்டு. அங்கே நம்மை விடமாட்டார்கள். அவற்றின் படங்களை இங்கே பார்க்கலாம். நாயக்கர் கால ஓவியம் மேலே மூடியிருந்ததால் 1931-ல்தான் வெளியே தெரிந்தன. ஆடும் பெண்களின் இடுப்பு வளைவைப் பாருங்க, அசந்துபோவீங்க!

இப்படி ஆடியவர்கள் யார்? கோயில் கல்வெட்டே சொல்கிறது. ராஜராஜன் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் பேர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். புருஷன் பேர் போடவில்லை. நம் தீர்மான நோட்டில் இன்னமும் ‘இன்னார் சம்சாரம்’ என்றுதானே எழுதுகிறோம்! ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தால், ஆடத் தெரிந்த நெருங்கிய சொந்தத்துக்கே அந்தப் பங்கு.